யூஎஸ்பிக்கு மட்டும் கரண்ட் கட்

இன்னைக்கு ரொம்ப சந்தோஷத்துல எழுதுறேன்.

ஒரே ஒரு வரி. அதைச் சேர்த்ததும், மேசையில பேச்சு மூச்சில்லாம கிடந்த பலகை எழும்பி ஓடுது!

(பலகைன்னா, ஏஆர்எம் சிப் வச்ச, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். எந்தக் கம்பெனி பலகைன்னு சொல்லப் போறதில்ல. இதே குறை எத்தனையோ பலகையில இருக்கு.)

எதுக்கு இந்தப் பலகைன்னு முதல்ல சொல்லிடுறேன். தேயிலைத் தோட்டத்து ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற இடம் இருக்கு இல்லையா? பறிச்சு வந்த கொழுந்தை அப்படியே உருட்ட முடியாது. பரப்பி வச்சு, அடியில இருந்து காத்து விட்டு, ராத்திரி முழுக்க வாட்டணும். அந்தக் காத்துல ஈரம் எவ்வளவுங்கிறதுதான் முக்கியம். ஈரத்துணி சுத்தின வெப்பமானி ஒண்ணு, சும்மா வெப்பமானி ஒண்ணு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் காத்தைச் சூடு பண்ணணுமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. நானுஓயாவுல மூடுபனி இறங்குற நாள்ல அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமலே போயிடும். இதை ராத்திரி பூரா அளந்து எழுதி வைக்கிற ஒரு சின்னப் பெட்டி செஞ்சு தரேன்னு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தேன்.

கரண்ட் போனாலும் பெட்டி நிக்கக் கூடாது. பேட்டரியில ஓடணும். பேட்டரின்னு வந்துட்டா, சிப்புக்குள்ள தேவையில்லாத ஒவ்வொண்ணையும் அணைச்சே ஆகணும்.

அங்கதான் ஆரம்பிச்சது எல்லாம்.

பலகையோட வந்த பழைய கெர்னல்ல எல்லாம் ஓடுச்சு. ஆனா எதையும் அணைக்கல. வேலை இருந்தாலும் இல்லாட்டியும் ஒரே சூடு. சரி, புது லினக்ஸ் கெர்னலைப் போடுவோம், அதுல மின்சாரச் சிக்கனத்துக்கு நல்ல வேலை நடந்திருக்குன்னு போட்டேன்.

பூட் ஆகுது. எழுத்து வேகமா ஓடுது. யூஎஸ்பி கண்டுபிடிச்சேன்னு வரி வருது. (என் ஈரமானி யூஎஸ்பி வழியாத்தான் ஒட்டியிருக்கு. அந்த வரியைப் பார்த்ததும் மனசுக்கு நிம்மதி.) அடுத்து ரூட் பைல் சிஸ்டத்தை ஏத்தப் போற நேரம்...

நின்னுடுச்சு.

பிழைச் செய்தி இல்ல. பேனிக் இல்ல. ஒரு வரி பாதியில அப்படியே நிக்குது. சீரியல் கேபிள்ல எதைத் தட்டினாலும் பதில் இல்ல.

அடாப்டரை மாத்திப் பார்த்தேன். எஸ்டி கார்டை மாத்திப் பார்த்தேன். நம்ம பக்கத்து வோல்டேஜ் ஏறி இறங்குறது தெரிஞ்ச விஷயம், அதனால நேரா பேட்டரியில மாட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துலதான் நிக்குது. இதுவே ஒரு நல்ல துப்பு. மின்சாரம் பத்தாத பலகை இஷ்டத்துக்கு எங்க வேணும்னாலும் நிக்கும். ஒரே இடத்துல நிக்குதுன்னா, யாரோ அந்த இடத்துல ஏதோ செய்றாங்கன்னு அர்த்தம்.

யூஎஸ்பி டிரைவரை எடுத்துட்டுக் கெர்னலைக் கட்டினேன். பூட் ஆச்சு. ஆனா யூஎஸ்பி இல்லாம எனக்கென்ன பிரயோசனம்?

அப்புறம்தான் கெர்னலுக்குக் குடுக்கக்கூடிய ஒரு சொல் ஞாபகம் வந்துச்சு. பிடி இக்னோர் அன்யூஸ்ட். யாரும் உரிமை கேட்காத பவர் டொமைனை அணைக்காதேன்னு கெர்னல்கிட்ட சொல்ற வார்த்தை. பூட் வரியில அதைச் சேர்த்தேன்.

ஓடுச்சு! யூஎஸ்பியும் இருக்கு, ஈரமானியும் பேசுது.

அப்போ விஷயம் இதுதான்: என் யூஎஸ்பிக்குக் கெர்னலே கரண்ட் கட் பண்ணியிருக்கு.

பவர் டொமைன்னா என்ன? ஒரு சிப்புக்குள்ள சிபியூ மட்டும் இல்ல. யூஎஸ்பி, கேமரா, வீடியோ, திரை, கிராபிக்ஸ்னு எத்தனையோ பகுதி. ஒரு பகுதிக்குப் போற கடிகாரத் துடிப்பை நிறுத்தினா அது வேலை செய்யாது, செலவும் குறையும். ஆனா முழுசா நிக்காது. டிரான்சிஸ்டர் சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் கசியும். டிரான்சிஸ்டர் சின்னதாகச் சின்னதாக இந்தக் கசிவு பெரிய தலைவலியாச்சு. அதனால சிப் வரையுறவங்க சிலிக்கனையே தீவு தீவாப் பிரிச்சு, ஒவ்வொரு தீவுக்கும் ஒரு சுவிட்ச் வச்சாங்க. சுவிட்சை அணைச்சா அந்தத் தீவு முழுக்க இருட்டு. அந்தத் தீவுதான் பவர் டொமைன்.

எந்தப் பகுதி எந்தத் தீவுல இருக்குன்னு எப்படிச் சொல்றது? இதுக்கு நம்ம இலங்கைக்காரங்களுக்கு விளக்கமே தேவையில்ல.

2022 மார்ச் கடைசியை நினைச்சுப் பாருங்க. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்ல. மின்சார சபை நாட்டை ஏ, பி, சின்னு எழுத்து எழுத்தாப் பிரிச்சு அட்டவணை போட்டுச்சு. காலையில எழும்பினதும் நம்ம எழுத்து எது, இன்னைக்கு எத்தனை மணிக்குன்னு பார்க்கிறதுதான் முதல் வேலை. அந்த எழுத்தை ஊர் பேரை வச்சுச் சொல்ல முடியாது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு எழுத்து, அந்தப் பக்கம் வேற எழுத்தா இருக்கலாம். ஏன்னா எழுத்து ஊருக்கு ஒட்டினது இல்ல. எந்த உபமின் நிலையத்துல இருந்து வர்ற எந்தக் கம்பியில நம்ம வீடு தொங்குதோ, அதுக்கு ஒட்டினது.

சிப்புக்குள்ளயும் இதே கதைதான். ஒரு கருவி என்ன வேலை செய்யுதுங்கிறதுக்கும் அது எந்த டொமைன்ல இருக்குங்கிறதுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு கட்டாயமில்ல. ஒண்ணுக்கொண்ணு உறவே இல்லாத ரெண்டு பகுதி ஒரே சுவிட்ச்சுல இருக்கும். சிப் வரைஞ்சவருக்குக் கம்பி இழுக்க அது வசதியா இருந்திருக்கும், அவ்வளவுதான். அதனால கெர்னல் இதை ஊகிக்கவே முடியாது. யாராவது எழுதிக் குடுக்கணும்.

எங்க சித்தி மகன் ஒருத்தன் கம்ப்யூட்டர் படிக்கிறான். ஞாயித்துக்கிழமை வந்திருந்தப்போ இதைக் காட்டினேன். உடனே கேட்டான்:

"அண்ணே, என் லேப்டாப்ல யாரும் ஒண்ணும் எழுதிக் குடுக்கலையே? லினக்ஸ் போட்டேன், தானா ஓடுது."

நல்ல கேள்வி. லேப்டாப்ல இருக்கிற பிசிஐ, யூஎஸ்பி மாதிரியான பாதைகள்ல கருவிகள் தானாவே "நான் இன்னார்"னு சொல்லிக்கும். மின்சார விஷயத்தை பயோஸோட வர்ற ஏசிபிஐ அட்டவணை பார்த்துக்கும். அதாவது, அங்கயும் யாரோ எழுதித்தான் இருக்காங்க. லேப்டாப் செஞ்சவங்க எழுதி, உள்ளயே வச்சு அனுப்பிட்டாங்க. இந்த மாதிரி சின்னப் பலகையில சிப்புக்குள்ள பதிஞ்சிருக்கிற கருவிகள் வாயே திறக்காது. அதுகளைப் பத்தின விவரம் எல்லாம் டிவைஸ் ட்ரீங்கிற கோப்புல இருக்கும். முகவரி, இன்டரப்ட், கடிகாரம், அப்புறம் பவர் டொமைன்.

"அப்போ அந்தக் கோப்புல இல்லாட்டி?"

இல்லாட்டி, தம்பி, கெர்னலைப் பொறுத்தவரைக்கும் அந்தக் கருவிக்கு எந்த டொமைனும் வேணாம்.

இதைத்தான் நான் நின்னு பேச ஆசைப்படுறேன்.

கெர்னல் பூட் ஆகும்போது ஒவ்வொரு கருவிக்கும் டிரைவரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி, அந்தக் கருவியோட குறிப்புல "பவர்-டொமைன்ஸ்"னு ஒரு வரி இருக்கான்னு பார்க்கும். இருந்தா, அந்த டொமைனுக்குப் பொறுப்பானவரைத் தேடி, கருவியை அதுல சேர்த்து, சுவிட்சைப் போட்டு, அப்புறம்தான் டிரைவர்கிட்ட விடும். பொறுப்பானவர் இன்னும் எழும்பலைன்னா, "கொஞ்சம் பொறு, அப்புறம் வா"ன்னு கருவியைத் தள்ளி வைக்கும். டிரைவர் எழுதுறவருக்கு இந்த வேலை எதுவுமே தெரியத் தேவையில்ல. எனக்கு வேலை இருக்கு, வேலை முடிஞ்சதுன்னு ரன்டைம் பிஎம்ங்கிற கெர்னல் ஏற்பாடு வழியா சொன்னாப் போதும். ஒரு டொமைன்ல இருக்கிற எல்லாரும் வேலை முடிஞ்சதுன்னு சொன்னா, சுவிட்ச் அணையும். ஒருத்தருக்காவது வேலை இருந்தா, அணையாது. எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

வரி இல்லாட்டி? டிரைவர் நேரா ஓடும். பூட்லோடர் போட்டு வச்ச சுவிட்ச் இன்னும் எரிஞ்சுக்கிட்டே இருக்கிறதால, ஓடவும் ஓடும்! யூஎஸ்பி கண்டுபிடிச்சேன்னு வரி வந்தது அதனாலதான். பூட் முடியுற கட்டத்துல கெர்னல் டொமைன்களை ஒரு சுத்து பார்க்கும். யாருமே பேர் குடுக்காத டொமைனா? அணை. யூஎஸ்பி டொமைன்ல யாரும் இல்லைன்னு பதிவு சொல்லுது, அணைச்சாச்சு. அடுத்த நொடி யூஎஸ்பி டிரைவர் தன்னோட ரெஜிஸ்டரைப் படிக்கப் போகும். அங்க பதில் சொல்ல ஆள் இல்ல. பஸ் காத்துக்கிட்டே இருக்கும். சிபியூவும் அதோட சேர்ந்து நின்னுடும். பிழைச் செய்தி எழுதக்கூட ஆள் மிச்சம் இல்ல.

பழைய கெர்னல்ல ஏன் ஓடுச்சு? அதுல இந்தச் சிப்போட டொமைன்களைக் கையாளுற டிரைவரே இல்ல. சுவிட்சைத் தொட ஆளே இல்லாததால எல்லாம் எப்பவும் எரிஞ்சுச்சு. அதனாலதான் பலகை சுட்டுச்சு. டிவைஸ் ட்ரீல விடுபட்ட வரி யார் கண்ணுலயும் படல.

இங்க ஒரு கேள்வி வரும். யாரும் கேட்காததை அணைக்கிறது கொடுமை இல்லையா? சந்தேகம்னா எரிய விடலாமேன்னு.

நான் கெர்னல் பக்கம்தான். சந்தேகம்னா எரிய விடுன்னு ஆரம்பிச்சா, டிவைஸ் ட்ரீல ஒருத்தரும் ஒண்ணும் ஒழுங்கா எழுத மாட்டாங்க. எழுதாட்டியும் ஓடுதேன்னு விட்டுருவாங்க. பேட்டரி மட்டும் தீரும். அணைக்கிறதாலதான் விடுபட்ட வரி வெளிய வருது. அந்த பிடி இக்னோர் அன்யூஸ்ட் சொல்லை நிரந்தரமா பூட் வரியில வச்சுட்டு "சரி பண்ணியாச்சு"ன்னு போறவங்களைப் பார்த்தா எனக்கு மனசு கேட்கல. அது நோய் எதுன்னு காட்டுற சொல். அதையே மருந்தாக் குடுக்கக் கூடாது.

இதுக்கு ஒரு வரலாறும் உண்டு. ஆரம்பத்துல ஒவ்வொரு சிப் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குத் தனித்தனியா எழுதி வச்சிருந்துச்சு. 2011ல ராபேல் விசோஸ்கி எல்லாருக்கும் பொதுவான ஒரு அமைப்பைக் கொண்டு வந்தார். லினக்ஸ் 3.1. அப்போகூட எந்தக் கருவி எந்த டொமைன்னு சொல்றது சி நிரல்ல, பலகைக்குப் பலகை தனியா எழுதுற வேலையா இருந்துச்சு. 2014 கடைசியில வந்த 3.18லதான் அந்த விவரம் எல்லாருக்கும் ஒரே மாதிரி டிவைஸ் ட்ரீக்குப் போச்சு. என்னைக் கேட்டா, அதுதான் பெரிய மாற்றம். எந்தக் கம்பியில தொங்குதுங்கிறது வன்பொருளோட உண்மை. அது வன்பொருளை விவரிக்கிற கோப்புலதான் இருக்கணும். டிரைவருக்குள்ள ஒளிஞ்சிருக்கக் கூடாது.

இன்னொரு பேரையும் சொல்லணும். டிவைஸ் ட்ரீல யார் யாரை நம்பி இருக்காங்கன்னு கெர்னலே படிச்சு, குடுக்கிறவரை முதல்லயும் வாங்குறவரை அப்புறமும் எழுப்புற ஏற்பாடு ஒண்ணு இருக்கு. அதை எழுதினவர் பேர் சரவணா கண்ணன். கெர்னல் நிரல்ல அந்தப் பேரைப் பார்க்கும்போது எனக்கு வர்ற சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அந்த ஏற்பாட்டைப் பிடிச்சுக்கிட்டு, 2025ல உல்ப் ஹான்சன் இன்னொரு நல்ல காரியம் செஞ்சார். ஒரு டொமைனை நம்பியிருக்கிற எல்லாக் கருவியும் எழும்பி முடிக்கிற வரைக்கும், பூட்லோடர் போட்டு வச்ச சுவிட்சை அணைக்காம வச்சிருக்கிற வசதி. தாமதமா எழும்புற டிரைவர்களுக்கு இது பெரிய உபகாரம். ஆனா கவனிங்க. அதுவும் எழுதி வச்சவங்களுக்குத்தான். பேரே குடுக்காத என் யூஎஸ்பியை அதுவும் கணக்குல எடுக்காது.

சரி, என் பலகைக்கு வருவோம்.

டீபக் பைல் சிஸ்டத்துல பிஎம் ஜென்பிடி சம்மரின்னு ஒரு கோப்பு இருக்கு. இந்த விஷயத்துல கை வைக்கிற யாரும் முதல்ல திறக்க வேண்டியது அதைத்தான். டொமைன் பேர், எரியுதா அணைஞ்சிருக்கா, அதுக்குக் கீழ எந்தெந்தக் கருவின்னு பட்டியலாத் தரும். பிடி இக்னோர் அன்யூஸ்ட் போட்டு பூட் பண்ணித் திறந்து பார்த்தேன். யூஎஸ்பி டொமைன் எரியுது. கீழ ஒரு கருவிகூட இல்ல. வெறும் வரி.

அந்த வெறும் வரியைப் பார்த்து நான் கத்தின சத்தத்துல அடுப்படியில இருந்து அம்மா ஓடி வந்துட்டாங்க.

அடுத்து, எந்த நம்பர்? சிப்போட கையேட்டுல மின் மேலாண்மைன்னு ஒரு அத்தியாயம் இருக்கும். அதுல எந்தப் பகுதி எந்த டொமைன்னு ஒரு அட்டவணை. ராஸ்பெரி பை வச்சிருக்கிறவங்களுக்கு இது இன்னும் சுலபம். கெர்னல் நிரல்லயே அதுக்கு ஒரு பட்டியல் இருக்கு. எச்டிஎம்ஐ 5, யூஎஸ்பி 6, முப்பரிமாண கிராபிக்ஸ் 10ன்னு வரிசையா. பழைய ராஸ்பெரி பை டிவைஸ் ட்ரீயைத் திறந்தா, யூஎஸ்பி பகுதிக்குக் கீழ அந்த டொமைன் வரி அழகா உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் என் வரியையும் எழுதினேன். இடப் பக்கம் பவர்-டொமைன்ஸ். வலப் பக்கம் மின் கட்டுப்பாட்டுப் பகுதியோட பேர், பக்கத்துல நம்பர்.

கோப்பைத் தொகுத்து, பூட் வரியில இருந்து அந்தச் சொல்லை எடுத்துட்டு, பவரைப் போட்டேன்.

நின்ன இடத்தைத் தாண்டிப் போச்சு. லாகின் வந்துச்சு. சம்மரியில யூஎஸ்பி டொமைனுக்குக் கீழ இப்போ யூஎஸ்பி பேர் இருக்கு, ஆக்டிவ்னு பக்கத்துல போட்டிருக்கு. யாரும் கேட்காத கேமரா, வீடியோ டொமைன் எல்லாம் அணைஞ்சு கிடக்கு. சிப் மேல விரல் வச்சா சில்லுன்னு இருக்கு. (நானுஓயா குளிரும் கொஞ்சம் காரணம்தான், ஒத்துக்கணும்.)

டொமைன்களுக்குள்ள தாய் பிள்ளை உறவும் உண்டு. பெரிய தீவுக்குள்ள சின்னத் தீவு. தாயை எழுப்பாம பிள்ளையை எழுப்ப முடியாது. பிள்ளை எல்லாம் அணைஞ்ச பிறகுதான் தாயை அணைக்கலாம். 2025 பெப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்துல ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டுச்சே, அன்னைக்கு நாம எல்லாரும் இதை நேர்ல பார்த்தோம். மின் நிலையமும் பெரிய கம்பியும் முதல்ல எழும்பணும், அப்புறம் உபமின் நிலையம், கடைசியிலதான் நம்ம வீடு. அன்னைக்கு எங்க வாசல்ல நின்ன பெரியவர் ஒருத்தர், "இந்தா பக்கத்துல தலவாக்கலையில 150 மெகாவாட் வச்சுக்கிட்டு நமக்கு விளக்கு இல்லையே"ன்னு ஆத்திரப்பட்டார். மேல் கொத்மலையைச் சொல்றார். அவர் ஆத்திரம் எனக்குப் புரியுது. லக்ஷபான, கனியன், மேல் கொத்மலைன்னு எத்தனை நீர்மின் நிலையம் நம்ம மலையில! ஆனா அணை பக்கத்துல இருக்கிறதால கம்பி பக்கத்துல இருக்குன்னு அர்த்தம் இல்ல. எழுத்து ஊருக்கு இல்லன்னு முன்னாடி சொன்னேன் பாருங்க, அதேதான்.

இப்போ எனக்கு மிச்சம் இருக்கிறது இன்னொரு கருவி. இதே சிப்புல வீடியோ பகுதி ரெண்டு டொமைன்ல கால் வச்சுக்கிட்டு நிக்குது. ஒரு கருவி, ரெண்டு சுவிட்ச். கெர்னல் தானா ஒரு டொமைன்லதான் சேர்க்கும். 2018ல இதுக்கு ஒரு வழி வந்துச்சு. ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு நிழல் கருவியை உருவாக்கி, உண்மைக் கருவியோட இணைச்சு விடுறது. ஆனா அந்த இடத்துல கெர்னல் கையை எடுத்துடும். டிரைவர்தான் பொறுப்பா ஒவ்வொண்ணையும் கேட்டு வாங்கணும். வரி ஒண்ணு சேர்த்து முடியுற வேலை இல்ல, டிரைவரையே திறக்கணும். என் பெட்டிக்கு வீடியோ தேவையில்ல. இருந்தாலும் அந்தப் பகுதியோட டிவைஸ் ட்ரீலயும் ஒரு டொமைன் பேர்தான் இருக்கு, ரெண்டாவது இல்ல. இதைத் தெரிஞ்சும் அப்படியே விட எனக்கு மனசு வரல.

உங்ககிட்ட இந்த மாதிரிப் பலகை இருந்தா, இன்னைக்கே பிடி இக்னோர் அன்யூஸ்ட் போட்டு பூட் பண்ணி, ரூட்டா நுழைஞ்சு அந்த சம்மரியைத் திறங்க. எரியுது, ஆனா கீழ யாரும் இல்லைன்னு ஒரு டொமைன் இருந்தா, சிப் கையேட்டை எடுத்து அது யாரோடதுன்னு தேடுங்க. தெரிஞ்சதும் டிவைஸ் ட்ரீல எழுதுங்க, எழுதினதைக் கெர்னலுக்கும் அனுப்பி வைங்க. அனுப்பும்போது அந்தக் கருவியோட பைண்டிங் ஆவணத்துலயும் (டிவைஸ் ட்ரீல அதுக்கு என்னென்ன எழுதலாம்னு சொல்ற ஆவணம்) பவர்-டொமைன்ஸை அனுமதிச்சு ஒரு வரி சேர்க்கணும். இல்லாட்டி சரிபார்ப்புல எச்சரிக்கை வரும். என் யூஎஸ்பி வரிக்கு அந்த ஆவண வேலையைத்தான் நாளைக்கு எடுக்கப் போறேன். பெட்டி சனிக்கிழமை ஸ்டோருக்குப் போகுது.